டிஸ்க் டிரைவர் நினைவகம் கேட்கும்போது: தொடக்கநிலையாளருக்கான விளக்கம்

"பஃபரைப் பெரிசா வச்சா டிஸ்க் வேகமா ஓடும்." "கெர்னலுக்கு ஏது மெமரி பஞ்சம், எல்லா மெமரியும் அதோடதுதானே." "மெமரி கிடைக்கலைன்னா எர்ரர் அனுப்பிட்டாப் போச்சு." லினக்ஸ் பற்றிப் பேசுகிறவர்களிடம் இந்த மூன்றையும் அடிக்கடி கேட்கலாம். சாதாரண நிரல்கள் எழுதிப் பழகியவர்களுக்கு மூன்றும் நியாயமாகவே படும், அங்கே பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் டிஸ்க்கை இயக்கும் டிரைவருக்குள் வந்துவிட்டால் மூன்றுமே தவறு. ஏன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். சி மொழியின் 'மாலாக்' என்ன செய்யும் என்று தெரிந்திருந்தால் போதும், கெர்னல் நிரலைத் திறந்தே பார்க்காதவர்களும் கூடவே வரலாம்.

பேச்சை லினக்ஸோடு நிறுத்திக்கொள்கிறேன். அதன் மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது, சந்தேகம் வந்தால் நீங்களே திறந்து சரிபார்க்கலாம்.

டிரைவர் கையில் இருப்பது யாருடைய பஃபர்?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி. நினைவகம், சிபியு, சாதனங்கள் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். டிரைவர் என்பது ஒரு குறிப்பிட்ட சாதனத்தோடு பேசத் தெரிந்த கெர்னலின் பகுதி. தரவு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழியில் தங்கும் நினைவகத் துண்டு பஃபர். கெர்னல் நினைவகத்தைக் கணக்குப் பார்க்கும் அலகு பேஜ். வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு பேஜ் 4096 பைட், அதாவது 4 கேபி.

இப்போது ஒரு நிரல் கோப்பில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தரவு உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை. கெர்னல் அதைத் தன் பேஜ்களில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று நிரலுக்குச் சொல்லிவிடுகிறது. கோப்புகளின் தரவை இப்படி நினைவகத்தில் வைத்திருக்கும் இடம் பேஜ் கேஷ். டிஸ்க்குக்கு இன்னும் போய்ச்சேராத பேஜுக்கு டர்ட்டி பேஜ் என்று பெயர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கெர்னல் இவற்றை டிரைவரிடம் ஒப்படைக்கும். ஒப்படைக்கும்போது கூடவே ஒரு சீட்டும் போகும்: எந்தெந்தப் பேஜ்கள், டிஸ்க்கில் எந்த இடம், எழுதவா படிக்கவா. அந்தச் சீட்டுக்கு லினக்ஸில் பயோ என்று பெயர்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தரவு ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது. டிரைவர் அதற்கென்று தனியாகப் பஃபர் ஒதுக்குவதில்லை, பேஜ்களின் முகவரிகளைச் சாதனத்துக்குச் சொல்கிறது, அவ்வளவுதான். சிபியு உதவியில்லாமல் சாதனமே நினைவகத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும். இந்த முறைக்கு டிஎம்ஏ என்று பெயர்.

அப்படியானால் டிரைவருக்கு எதற்கு நினைவகம்? சாதனத்துக்கு அனுப்பும் கட்டளை, முகவரிப் பட்டியல், பதில் வந்து விழும் இடம் ஆகியவற்றுக்கு. எல்லாமே சின்னச் சின்னத் துண்டுகள். "டிரைவரின் பஃபர்" என்று பொதுவாகப் பேசும்போது தரவின் பஃபரையும் இந்தச் சில்லறைத் துண்டுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சுருக்கமாக: தரவுக்கான பேஜ்கள் மேலே இருந்து வருகின்றன, டிரைவர் கேட்பது அந்த வேலையை நடத்தத் தேவையான கொஞ்சம் நினைவகம் மட்டும்.

டேங்கர் லாரிக்கே டீசல் இல்லையென்றால்

கொஞ்சம் நினைவகம்தானே, அதிலென்ன சிக்கல்? நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. டிப்போவுக்குப் போய் டீசல் ஏற்றி வர அதற்குச் சொந்தமாக ஒரு டேங்கர் லாரி உண்டு. அந்த லாரியும் அதே பங்க்கில்தான் டீசல் போட்டுக்கொள்கிறது. ஒருநாள் பங்க்கில் டீசல் சுத்தமாகத் தீர்ந்துபோகிறது. டேங்கர் வந்து, "எனக்கு இருபது லிட்டர் போடுங்க, போய் ஏத்திட்டு வரேன்" என்கிறது. பங்க்காரர், "இருப்பு இல்ல, டேங்கர் வரட்டும், போடறேன்" என்கிறார். இருவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

டிஸ்க் டிரைவர்தான் அந்த டேங்கர். நினைவகம் தீரும் நிலை வந்தால் கெர்னல் பழைய பேஜ்களை விடுவிக்கப் பார்க்கும். டிஸ்க்கில் உள்ளதும் நினைவகத்தில் உள்ளதும் ஒன்றாகவே இருக்கும் பேஜ் என்றால் அப்படியே தூக்கிப்போட்டுவிடலாம். டர்ட்டி பேஜை அப்படிச் செய்ய முடியாது, முதலில் டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். நிரல்களின் சொந்த நினைவகத்தை விடுவிப்பதானாலும் அதை டிஸ்க்கின் ஸ்வாப் பகுதியில் எழுதிவைக்க வேண்டும். எழுதுவது யார்? டிரைவர். முகவரிப் பட்டியலுக்கு இரண்டு கேபி வேண்டும் என்று டிரைவர் கேட்கிறது. "இல்லை, கொஞ்சம் பேஜ்களை விடுவித்துவிட்டுத் தருகிறேன்" என்று கெர்னல் காத்திருக்கிறது. விடுவிக்க வேண்டிய பேஜோ அந்த டிரைவர் எழுதி முடிப்பதற்காகக் காத்திருக்கிறது. இப்படி ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் முட்டுக்கட்டைக்கு டெட்லாக் என்று பெயர்.

டெட்லாக்கில் கணினி 'கிராஷ்' ஆவதில்லை. அப்படியே உறைந்து நிற்கும். சில நிமிடங்கள் போனால், ஒரு வேலை 120 விநாடிகளுக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்ற எச்சரிக்கை கெர்னல் பதிவேட்டில் வரலாம். அந்த 120 கெர்னலின் இயல்பு அமைப்பு. பதிவேடும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது என்றால் அந்த எச்சரிக்கை கோப்பில் போய்ச்சேருவதற்கும் வழியில்லை.

சரி, காத்திருக்காமல் "நினைவகம் இல்லை" என்று எர்ரர் திருப்பிவிட்டால்? நிரலுக்கு எப்போதோ "எழுதியாயிற்று" என்று சொல்லிவிட்டோமே. இப்போது எழுதத் தவறினால் பயனரின் கோப்பில் ஓட்டை விழுகிறது. டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது, இரண்டு கேபி கிடைக்காததால் ஒருவருடைய தரவு போய்விட்டது. இதைவிட மோசமான காரணம் எனக்குத் தெரியவில்லை. டிஸ்க் டிரைவரின் எழுதும் பாதையில் ஒதுக்கீடு தவறுவதை மற்ற டிரைவர்களைப்போல எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதனால்தான்.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் முக்கியம்

கெர்னலுக்குள் நினைவகம் கேட்கப் பயன்படும் முதன்மையான செயல்கூறு 'கே-மாலாக்'. எத்தனை பைட் வேண்டும் என்பதோடு, எந்த நிலையில் நின்று கேட்கிறோம் என்பதையும் அதற்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது குறிப்பின் பெயர் ஜிஎஃப்பி கொடி. கொடிகள் பல உண்டு, நமக்கு மூன்று போதும்.

'ஜிஎஃப்பி கெர்னல்' என்றால் "அவசரமில்லை, காத்திருக்கிறேன், தேவைப்பட்டால் டிஸ்க்கில் எழுதியாவது இடம் பண்ணிக் கொடு" என்று பொருள். 'ஜிஎஃப்பி அட்டாமிக்' என்றால் "ஒரு நொடிகூடக் காத்திருக்க முடியாது, இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று சொல்". இன்டரப்ட் (சாதனம் "என்னைக் கவனி" என்று சிபியுவை இடைமறிப்பது) கையாளும்போதும், ஸ்பின்லாக் (மற்றவர்களை நின்ற இடத்திலேயே சுழன்று காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடித்திருக்கும்போதும் இதைத்தான் பயன்படுத்த வேண்டும். அவசரத்துக்கென்று கெர்னல் ஒதுக்கி வைத்திருக்கும் இருப்பிலும் இது கொஞ்சம் கை வைக்கலாம், ஆனாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. மூன்றாவது 'ஜிஎஃப்பி நோ-ஐஓ'. "காத்திருக்கிறேன், ஆனால் எனக்கு இடம் பண்ணுவதற்காக டிஸ்க்கில் எழுதத் தொடங்காதே" என்பது இதன் பொருள். டேங்கர் லாரிக்கு ஏற்ற கொடி இதுதான்.

டிரைவர் முதன்முதலில் ஏற்றப்படும்போது 'ஜிஎஃப்பி கெர்னல்' தாராளமாகப் பயன்படுத்தலாம், அப்போது அந்த டிஸ்க்கை நம்பி யாரும் இல்லை. எழுதும் பாதையில் அதே கொடியை வைப்பதுதான் ஆபத்து. சோதனையின்போது எல்லாம் ஒழுங்காக ஓடும், ஏனென்றால் சோதிக்கும் கணினியில் நினைவகம் நிறைய இருக்கும். தவறு வெளியே தெரிவது யாரோ ஒருவருடைய சர்வரில், ஸ்வாப் நிரம்பிய ஒரு நள்ளிரவில்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நீங்கள் சரியான கொடி வைத்திருந்தாலும், நீங்கள் அழைக்கும் வேறொரு செயல்கூறு உள்ளே 'ஜிஎஃப்பி கெர்னல்' வைத்திருக்கலாம். அதனால் ஒரு பகுதி முழுவதையும் "இங்கிருந்து இதுவரை டிஸ்க் வேலை தொடங்கக் கூடாது" என்று வேலி போட்டு வைக்கும் வசதியை லினக்ஸ் தருகிறது. புதிதாக எழுதுபவர்கள் ஒவ்வோர் அழைப்பிலும் கொடியை மாற்றிக்கொண்டிருப்பதைவிட இந்த வேலி நல்லது என்பது என் எண்ணம்.

சீல் வைத்த கேன்: மெம்பூல்

'நோ-ஐஓ' கொடி டெட்லாக்கின் ஒரு வழியை அடைக்கிறது, நினைவகம் கிடைக்கும் என்று உறுதி தருவதில்லை. பங்க்காரர் புத்திசாலி என்றால் என்ன செய்வார்? ஒரு கேன் டீசலைச் சீல் வைத்து, "இது டேங்கருக்கு மட்டும்" என்று எழுதித் தனியே வைப்பார். டேங்கர் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தக் கேனை நிரப்பி வைப்பார்.

லினக்ஸில் இந்தக் கேனுக்கு மெம்பூல் என்று பெயர். உருவாக்கும்போதே குறைந்தபட்சம் இத்தனை துண்டுகள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லி ஒதுக்கி வாங்கிவிடுகிறோம். பிறகு ஒரு துண்டு கேட்டால், அது முதலில் வழக்கமான ஒதுக்கீட்டில் முயன்று பார்க்கும். கிடைக்கவில்லை என்றால்தான் கையிருப்பில் எடுக்கும். கையிருப்பும் காலி என்றால், ஏற்கெனவே வாங்கிப் போனவர்களில் யாராவது திருப்பித் தரும்வரை காத்திருக்கும். திருப்பித் தரும் துண்டு, கையிருப்பு குறைந்திருந்தால் முதலில் அங்கேதான் போய்ச் சேரும்.

"காத்திருக்கும்" என்று இங்கேயும் வருகிறதே, இது மட்டும் டெட்லாக் ஆகாதா? ஆகாது. இங்கே காத்திருப்பது ஏற்கெனவே டிஸ்க்குக்குப் போய்விட்ட ஒரு வேலை முடிவதற்காக. டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது கண்டிப்பாக முடியும். முடிந்ததும் துண்டு திரும்பி வரும். நினைவக நெருக்கடியில் எல்லாம் மெதுவாகப் போகும், ஆனால் நிற்காது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கையிருப்பின் அளவு. முன்பு சொன்ன பயோ சீட்டுகளுக்கும் இப்படி ஒரு மெம்பூல் உண்டு. கோப்பு முறைமைகள் எல்லாம் பொதுவாகப் பயன்படுத்தும் அந்த மெம்பூலின் கையிருப்பு வெறும் 2. நூற்றுக்கணக்கான ஜிபி நினைவகம் உள்ள சர்வரானாலும் அதே 2. வேலை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம், அதற்கு இவ்வளவே போதும்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பயோவை வாங்கினால் அதை டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டுத்தான் அதே மெம்பூலில் அடுத்ததைக் கேட்க வேண்டும். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்று கேட்டால், எல்லோரும் ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு அடுத்ததற்காக நிற்கும் நிலை வரும். மறுபடியும் டெட்லாக். கெர்னலின் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

கேட்காமலே இருப்பது இன்னும் நல்லது

இப்போதைய லினக்ஸில் டிஸ்க் வேலைகளைப் பங்கிடும் அடுக்கின் பெயர் பிளாக்-எம்க்யூ. டிரைவர் தொடங்கும்போதே, "ஒரே நேரத்தில் இத்தனை வேலைகள், வேலை ஒன்றுக்கு எனக்கென்று இத்தனை பைட்" என்று அதனிடம் சொல்லிவிடலாம். அப்போதே எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டுவிடும். சாட்டா என்ற இணைப்பு முறையில் வரும் ஒரு டிஸ்க் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 32 வேலைகளை வாங்கிக்கொள்ளும். அப்படியானால் 32 இடங்கள், அதற்குமேல் எப்போதும் தேவைப்படாது. வேலை வரும் நேரத்தில் ஒதுக்கீடே இல்லை, ஆகவே தவறுவதற்கும் எதுவும் இல்லை.

முன்கூட்டியே அளவு தெரியாத துண்டுகளும் உண்டு. என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குகளுக்கான இணைப்பு முறை) டிரைவரில் முகவரிப் பட்டியலின் நீளம் வேலைக்கு வேலை மாறும். அதனால் வேலை வரும்போதுதான் அது பட்டியலுக்கு இடம் கேட்கிறது, காத்திருக்காத கொடியோடு. கிடைக்கவில்லை என்றால் வேலையைத் தோல்வி என்று அறிவிப்பதில்லை. "இப்போது வசதியில்லை, பிறகு கொடு" என்று பிளாக்-எம்க்யூவிடம் திருப்பித் தருகிறது. வேறு வேலைகள் முடிந்து பட்டியல்கள் திரும்பியதும் அதே வேலை மறுபடி வரும். "முடியவில்லை" என்பதையும் "இப்போது முடியவில்லை" என்பதையும் பிரித்துச் சொல்ல வழி இருப்பதால்தான் தரவு தப்பிக்கிறது.

சுருக்கமாக: முடிந்தால் தொடக்கத்திலேயே ஒதுக்கிக்கொள்வது, இல்லையென்றால் மெம்பூல், அதுவும் பொருந்தாவிட்டால் வேலையைத் தள்ளிப்போடும் வழி.

அளவு: 4096-க்கும் 4097-க்கும் நடுவில்

இனி முதல் கூற்றுக்கு வருவோம். பெரிய பஃபர் என்றால் வேகமா?

'கே-மாலாக்' தரும் நினைவகம் இயற்பியல் முகவரியில் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்கும். கேட்கும் அளவை அது குறிப்பிட்ட சில அளவுகளுக்கு உயர்த்தித்தான் கொடுக்கும். 4096 பைட் கேட்டால் 4096 கிடைக்கும். 4097 கேட்டால் உங்களுக்காக ஒதுங்குவது 8192. ஒரு பேஜ் தரவோடு 16 பைட் தலைப்பையும் சேர்த்து ஒரே துண்டாகக் கேட்பவர் கிட்டத்தட்ட பாதியை வீணாக்குகிறார். தலைப்பைத் தனியாக வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

அளவு இன்னும் கூடினால் வேறொரு தொல்லை வருகிறது. பல நாள் ஓடிய கணினியில் காலி பேஜ்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். இரண்டு ஜிபி காலி என்று காட்டினாலும், ஒரு எம்பி தொடர்ச்சியாக ஓரிடத்தில் இல்லாமல் போகலாம். 8 பேஜ், அதாவது 32 கேபி வரை கெர்னல் கடுமையாக முயன்று எடுத்துக் கொடுக்கும். அதைத் தாண்டினால் விலை அதிகம் என்று கருதி, சீக்கிரமே கைவிரித்துவிடலாம். 'வி-மாலாக்' என்ற இன்னொரு வழியில், சிதறிய பேஜ்களை ஒரே தொடர்போலக் காட்டும் முகவரி கிடைக்கும். சிபியுவுக்கு அது போதும். டிஎம்ஏ செய்யும் சாதனமோ பேஜ்கள் உண்மையில் இருக்கும் இடத்தைக் கேட்கும்.

அதனால்தான் டிஸ்க் உலகம் தொடர்ச்சியான பெரிய பஃபரை நம்புவதே இல்லை. சிதறிய பேஜ்களின் பட்டியலை அப்படியே சாதனத்திடம் கொடுத்துவிடுகிறது. இதற்கு ஸ்கேட்டர்-கேதர் என்று பெயர். என்விஎம்ஈயில் ஒரு பேஜைச் சுட்டும் முகவரிக்கு 8 பைட். 1 எம்பி தரவு 256 பேஜ்களில் சிதறிக் கிடந்தால், முதல் முகவரி கட்டளைக்குள்ளேயே போய்விடும். மீதி 255 முகவரிகளுக்கு 2040 பைட். ஒரு எம்பியை நகர்த்த டிரைவருக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது இரண்டு கேபிக்கும் குறைவு.

ஒரு வேலையில் அதிகபட்சம் எவ்வளவு அனுப்பலாம் என்பதை டிரைவர் எழுதுபவர் தன் விருப்பத்துக்கு முடிவு செய்வதில்லை. சாட்டா டிஸ்க்குகளும் பேசும் ஏடிஏ மொழியின் பழைய 28-பிட் கட்டளையில் ஒருமுறைக்கு 256 செக்டார்தான். செக்டார் என்பது டிஸ்க்கில் இடத்தை எண்ணும் அலகு, அது 512 பைட் என்ற கணக்கில் 128 கேபி. 48-பிட் கட்டளை வந்தபின் அது 32 எம்பி ஆனது. என்விஎம்ஈ டிஸ்க் தன் வரம்பைத் தானே சொல்லிவிடும், இரண்டின் அடுக்காக. 5 என்று சொன்னால், 4 கேபி அலகை 32 மடங்காக்கி 128 கேபி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் பொதுவாக வைக்கும் வரம்பு 240 செக்டார், 120 கேபி. அதற்குமேல் அனுப்பினால் தடுமாறும் சாதனங்கள் சந்தையில் நிறைய இருந்ததுதான் காரணம். வேகமான யுஎஸ்பி 3 சாதனங்களுக்கு இது 2048 செக்டார். இன்னும் சில சாதனங்களால் 4 ஜிபிக்கு மேலுள்ள முகவரியைத் தொடவே முடியாது. அவற்றுக்காகக் கெர்னல் தரவை இடையில் ஒரு தாழ்ந்த முகவரிக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது. பவுன்ஸ் பஃபர் எனப்படும் அந்த வழியில் ஒரு துண்டுக்கு வழக்கமான உச்சவரம்பு 256 கேபி.

இத்தனை வரம்புகளிலும் எது சிறியதோ அதுதான் செல்லுபடியாகும். அதற்குள்ளேயும் பெரியதுதான் நல்லது என்று இல்லை. பெரிய வேலை ஒன்று ஓடும்போது அதன் பின்னால் நிற்கும் சின்னப் படிப்பு காத்திருக்க வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் வேகம் ஏறாது, காத்திருப்பு மட்டும் ஏறும்.

சாதனம் சொல்லும் அளவை நம்பலாமா?

நம்பக் கூடாது. இதற்கு லினக்ஸின் ஸ்கஸி (டிஸ்க்குகளோடு பேசும் ஒரு கட்டளை முறை) அடுக்கில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. புதிய டிஸ்க்கைச் செருகியதும் கெர்னல் அதனிடம் "நீ யார்?" என்று கேட்கும். இந்தக் கட்டளையின் பெயர் இன்குவைரி. பதிலுக்காக 256 பைட் பஃபர் தயாராக இருக்கும், ஆனாலும் முதலில் கேட்பது 36 பைட் மட்டும். அதற்குமேல் கேட்டால் முடங்கிப்போகும் சாதனங்கள் உண்டு.

அந்த 36 பைட்டில் ஐந்தாவது பைட், பதிலில் இன்னும் எத்தனை பைட் மீதி இருக்கிறது என்று சொல்லும். அதோடு 5 கூட்டினால் மொத்த நீளம். அது 255-ஐத் தாண்டினால் கெர்னல் அதை நம்பாமல் 36-க்கே திரும்பிவிடும். தாண்டாவிட்டால் அந்த நீளத்துக்கு மறுபடி கேட்கும். இரண்டாவது கேள்வியில் சாதனம் சொதப்பினால், மறுபடி 36 மட்டும் கேட்டு அதோடு திருப்தியடையும். ஐம்பது ரூபாய் பென்டிரைவ் அனுப்பும் ஒரே ஒரு பைட்டுக்கு இவ்வளவு எச்சரிக்கை. அது அதிகமில்லை. அந்த எண்ணை அப்படியே நம்பி அந்த அளவுக்குப் பிரதி எடுத்தால், பஃபரைத் தாண்டிப் பக்கத்தில் இருக்கும் கெர்னல் தரவு அழியும்.

இதே கவனம் பெருக்கலிலும் வேண்டும். எண்ணிக்கையையும் அளவையும் நேரடியாகப் பெருக்கிக் கேட்டால், பெருக்கல் வரம்பைத் தாண்டிச் சுற்றி வந்து சின்ன எண்ணாகிவிடலாம். ஒதுக்கீடு வெற்றி, ஆனால் கிடைத்த பஃபர் சிறியது. இதைத் தடுக்கவே பெருக்கலைத் தானே சரிபார்க்கும் 'கே-மாலாக்-அர்ரே' இருக்கிறது. சாதனமோ பயனரோ படிக்கப்போகும் பஃபர் என்றால், பூஜ்யத்தால் நிரப்பித் தரும் 'கே-இசட்-அலாக்' பயன்படுத்துவது நல்லது. இல்லையென்றால் அதே இடத்தில் முன்பு இருந்த யாருடையதோ ஒரு தரவு வெளியே போய்விடும். டிஎம்ஏ பஃபரை ஸ்டேக்கில் (செயல்கூறின் உள்மாறிகள் தங்கும் இடத்தில்) வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 2016-இல் வந்த 4.9 பதிப்பிலிருந்து 64-பிட் எக்ஸ்86 கெர்னலின் ஸ்டேக் 'வி-மாலாக்' பகுதியில் இருக்கலாம் என்பதால், அங்கிருந்து சாதனத்துக்குக் கொடுக்கும் முகவரி தவறாகப் போகும்.

உங்கள் கணினியிலேயே பாருங்கள்

சிஸ் என்ற அடைவுக்குள் பிளாக், அதற்குள் உங்கள் டிஸ்க்கின் பெயர், அதற்குள் க்யூ. அங்கே இருக்கும் கோப்புகளைப் படிக்கச் சிறப்பு அனுமதி எதுவும் வேண்டாம். 'மேக்ஸ் ஹெச்டபிள்யூ செக்டார்ஸ் கேபி' என்பது வன்பொருளும் டிரைவரும் சேர்ந்து அனுமதிக்கும் உச்சம். 'மேக்ஸ் செக்டார்ஸ் கேபி' என்பது கெர்னல் உண்மையில் பயன்படுத்தும் அளவு. 'மேக்ஸ் செக்மென்ட்ஸ்' என்பது ஸ்கேட்டர்-கேதர் பட்டியலில் எத்தனை துண்டுகள் வரலாம் என்பது.

பல சாட்டா டிஸ்க்குகளில் முதல் எண் 32767 என்றும் இரண்டாவது 1280 என்றும் இருப்பதைப் பார்க்கலாம். கெர்னல் பதிப்பைப் பொறுத்து இரண்டாவது மாறும். இரண்டாவதை ரூட் அனுமதியோடு மாற்றிப் பார்க்கலாம், முதல் எண்ணைத் தாண்டி வைத்தால் கெர்னல் ஏற்காது. மாற்றிவிட்டு ஒரு பெரிய கோப்பைப் பிரதி எடுங்கள். அது ஓடும்போதே இன்னொரு முனையத்தில் சின்னக் கோப்பு ஒன்றைத் திறந்து, திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். முந்தைய அளவில் அது எவ்வளவு எடுத்தது என்பதையும் கூடவே குறித்து வைத்துக்கொண்டால் ஒப்பிட வசதியாக இருக்கும்.